பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் நடிப்பு என்று ஒதுக்காதீர்கள்



பயம் வந்தால் "வயித்துல புளியக் கரைக்குது" என்று சொல்கிறோம். கெட்ட செய்தி கேட்டால் "வயித்தக் கலக்குது" என்கிறோம். மனதில் நடப்பது வயிற்றில் தெரியும் என்பது எமது பாட்டன் பாட்டிமாருக்கே தெரிந்த விஷயம். ஆனால் இப்படியெல்லாம் பேசுகிற நாம், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினால் என்ன செய்கிறோம்? "பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிறான்" என்று ஏசுகிறோம். இல்லாவிட்டால் பயந்துபோய் வாரக்கணக்கில் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். இந்த இரண்டு வழியும் பிள்ளைக்குக் கெடுதிதான். ஏன் கெடுதி, வேறு என்ன செய்யலாம் என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

தோட்டத்தில் நாம் அடிக்கடி காண்பது

பெரும்பாலும் கதை இப்படித்தான் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். தாய் வெள்ளன எழும்பி ரொட்டி தட்டி வைத்துவிட்டு மலைக்குப் போகத் தயாராகிறாள். அந்த நேரம் பார்த்து மகள் "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறாள். தொப்புளைச் சுற்றி வலி, வாந்தி வருவது போல இருக்கிறது, இரண்டு தடவை வெளிக்கும் போகிறாள். பஸ் போன பிறகு, ஒன்பது பத்து மணிக்கு வலி குறைந்துவிடுகிறது. சனி, ஞாயிறு வலி இல்லை. திங்கட்கிழமை திரும்பவும் வருகிறது.

தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து எடுக்கிறார்கள். குறையவில்லை. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு தாய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். இரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தகப்பன் சொல்கிறார்: "அப்பவே சொன்னேனே, சும்மா நடிக்கிறா." அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வலியை வெளியில் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்காகப் போவதில்லை.

மூன்று வாரம் போகாமல் இருந்த பிள்ளைக்குத் திரும்பிப் போக வெட்கம். விட்டுப்போன பாடம் மலை போல நிற்கிறது. டீச்சர் என்ன கேட்பாரோ, கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்களோ என்று பயம். அந்தப் பயத்தில் வலி இன்னும் கூடுகிறது. கடைசியில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே படிப்பு நின்றுவிடுகிறது. பிறகு மகள் கொழும்பில் ஒரு வீட்டு வேலையில் இருப்பாள், மகன் ஏதாவது ஒரு கடையில் நிற்பான். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். ஆனாலும் எமது பிள்ளைகள் பலர் அந்த வயதில்தான் நழுவிப் போகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இந்த வயிற்று வலி.

இது எமது லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் 10 வயது முதல் 16 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு இந்த மாதிரி வயிற்று வலி இருந்தது. மனதுக்குக் கஷ்டமான சம்பவங்களைச் சந்தித்த பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது.

வயிற்றுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

எமது குடலின் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவை மூளையோடு எந்த நேரமும் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. மூளை பயந்தால் அந்தச் செய்தி உடனே குடலுக்கும் போகிறது. இரைப்பை தன் வேலையை மெதுவாக்கும். அதனால் சாப்பாடு அப்படியே நிற்பது போலவும் வாந்தி வருவது போலவும் இருக்கும். பெருங்குடல் வேகமாக அசையும். அதனால் முறுக்கி வலித்து வெளிக்குப் போக வரும். பரீட்சைக்குப் போகும் பிள்ளை கக்கூசுக்கு ஓடுவது இதனால்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மெதுவாகப் பேசுவதும் கத்துவது போலக் கேட்கும் அல்லவா? அதுபோல, பல நாள் கவலையில் இருக்கும் பிள்ளையின் நரம்புகள் சத்தம் கூட்டி வைத்த ரேடியோ மாதிரி ஆகிவிடுகின்றன. குடலில் சாதாரணமாகக் காற்று அசைந்தாலும் அந்தப் பிள்ளைக்கு வலியாகத் தெரியும். மற்றவர்களுக்கு அது தெரியாது.

ஆகவே "ஒன்றும் இல்லை" என்று வைத்தியர் சொன்னால், புண்ணோ, கட்டியோ, கிருமியோ இல்லை என்றுதான் அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இந்த ஒன்றைத் தாயும் தகப்பனும் நம்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்

எல்லா வயிற்று வலியையும் கவலையின் தலையில் போடக்கூடாது. பூச்சி, மலச்சிக்கல், இரைப்பைப் புண், சிறுநீர்க் கிருமி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆகவே ஒரு தடவையாவது ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் "தானாகப் போகும்" என்று காத்திருக்க வேண்டாம்:

1. வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, நேரம் போகப் போகக் கூடுகிறது. நடக்கும்போதும் இருமும்போதும் வலிக்கிறது.
2. மலத்தில் இரத்தம், அல்லது மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது.
3. விடாமல் வாந்தி, பச்சை நிறமாகவோ இரத்தமாகவோ வாந்தி.
4. காய்ச்சலோடு வலி. வயிறு பலகை போல இறுகியிருக்கிறது.
5. நித்திரையில் இருக்கும் பிள்ளையை வலி எழுப்புகிறது.
6. உடம்பு மெலிகிறது, வளர்த்தி நிற்கிறது, வெளிறிப்போய் இருக்கிறது.
7. ஆண் பிள்ளைக்கு விதையில் திடீர் வலி அல்லது வீக்கம். இதைச் சொல்லப் பிள்ளை வெட்கப்படும். நீங்கள்தான் கேட்க வேண்டும். சில மணித்தியாலம் தாமதித்தாலும் ஆபத்து.
8. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போய் வலி.

இவற்றில் 1, 3, 4, 7 அவசரமானவை. இரத்தம் கூடுதலாகப் போனாலும், மாதவிடாய் தள்ளிப்போய் கடும் வலியோ மயக்கமோ வந்தாலும் அவசரம்தான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்படியான வலிக்கு வயிற்றைப் பிசைந்து உருவுவதும், பேதி மருந்து கொடுப்பதும் கூடாது. குடல்வால் அழற்சி என்றால் அது உயிருக்கே ஆபத்து. கோயிலில் திருநீறு போடுவதை, நூல் கட்டுவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பிந்த வைக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. உடம்பு உளைச்சலுக்கு என்று கடையில் வாங்கி வைத்திருக்கும் இபுபுரூபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் போன்ற மாத்திரைகளை வயிற்று வலிக்குக் கொடுக்க வேண்டாம். அவை இரைப்பையையே புண்ணாக்கும். எல்லா வலிக்கும் "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று நாமே பெயர் வைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் பிழை.

பிள்ளையை அழுத்துவது எது?

வைத்தியர் பார்த்துப் பயம் இல்லை என்று சொன்ன பிறகு, வலி எப்போது வருகிறது என்று இரண்டு வாரம் கவனியுங்கள். பழைய கொப்பி ஒன்றில் எழுதினாலும் போதும்: என்ன கிழமை, எத்தனை மணி, முதல் நாள் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டது, வெளிக்குப் போனதா. பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. எழுதி வைத்தால் வலிக்கு ஒரு வழமை இருப்பது தெரிய வரும்.

கணக்குப் பாடம் உள்ள நாளில் மட்டும் வருகிறதா? தவணைப் பரீட்சை நெருங்கும்போது வருகிறதா? பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா? சப்பாத்து கிழிந்திருக்கிறது, கேட்ட காசு கொண்டு போகவில்லை என்று கூச்சமா? தாய் வெளிநாடு போன மாதத்தில் இருந்து தொடங்கியதா? சம்பள நாள் இரவில் வீட்டில் சண்டை நடந்து, மறுநாள் வருகிறதா?

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்து "என்னா ஒனக்குப் பிரச்சின? சொல்லு!" என்றால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. விறகு பொறுக்கப் போகும்போது, தண்ணி எடுக்கும்போது, ஒன்றாக நடந்து போகும்போது கேளுங்கள். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைக்குப் பேச்சு சுலபமாக வரும்.

"ஒனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்மா. பொய்யின்னு நா நெனைக்கல. பள்ளிக்கூடத்துல எது ஒனக்குக் கஷ்டமா இருக்கு?"

இவ்வளவு போதும். பிறகு சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். "இதுக்குப் போயா?" என்று சிரிக்க வேண்டாம். எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிவது பதினைந்து வயதில் பெரிய விஷயம். அன்றைக்குச் சொல்லாவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். அம்மாவிடம் சொல்லாததைப் பாட்டியிடமோ அத்தையிடமோ சொல்லக்கூடும். அதுவும் நல்லதுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

சாப்பாடு: வெறும் வயிற்றில் கடுஞ்சாயம் குடித்துவிட்டு ஓடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். பாதி ரொட்டியாவது, ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். காலையில் அவசரம் என்றால் கால் மணித்தியாலம் முந்தி எழுப்புங்கள். ரொட்டிக்குக் கட்டச் சம்பல் காரம் ஒத்துவராவிட்டால் பருப்பு, கீரை கொடுக்கலாம். கடைப் பொரியல், மிக்சர், சோடா குறையட்டும். ஆனால் "அது சாப்பிடாதே, இது சாப்பிடாதே" என்று எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய வைக்க வேண்டாம்.

கக்கூஸ்: இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாடசாலைக் கக்கூசில் தண்ணி இல்லை, கதவு பூட்டாது என்றால் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், காலையிலிருந்து அடக்கி வைத்திருப்பார்கள். வெளிக்குப் போக வரும் என்று தண்ணியும் குடிக்க மாட்டார்கள். மலம் இறுகி வலி வரும். கீரை, பப்பாளி, கொதித்து ஆறிய தண்ணி தாராளமாகக் கொடுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் வீட்டுக் கக்கூசில் அவசரப்படுத்தாமல் இருக்க விடுங்கள். பாடசாலையின் நிலைமையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் சேர்ந்து பேச வேண்டும்.

நித்திரை: இரவு பன்னிரண்டு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காலையில் வயிறும் சரிவராது, மனதும் சரிவராது. போன் இரவில் பெற்றோர் பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோரும் அந்த நேரம் போனை வைத்துவிட்டால்தான் பிள்ளை கேட்கும்.

மூச்சுப் பயிற்சி: இது செலவில்லாத மருந்து. பிள்ளை பாயில் மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றின் மேல் வைக்கட்டும். நான்கு எண்ணும் வரை மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது கை மேலே எழும்ப வேண்டும். ஆறு எண்ணும் வரை மெதுவாக மூச்சை விடும்போது கை இறங்க வேண்டும். காலையும் இரவும் ஐந்து நிமிடம். வலி இல்லாத நாட்களிலேயே பழக வேண்டும். பழகியிருந்தால்தான் வலி வரும் நேரம் கைகொடுக்கும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும், பரீட்சை மண்டபத்திலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

அடிக்கடி கேட்க வேண்டாம்: "இப்ப வலிக்குதா? இன்னும் வலிக்குதா?" என்று பத்து தடவை கேட்பது பாசத்தால்தான். ஆனால் அது பிள்ளையின் நினைப்பை வலியிலேயே கட்டிப் போடும். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெற்றோர் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் கூடுதலாக முறையிட்டார்கள். வேறு பேச்சில் கவனத்தைத் திருப்பியபோது முறைப்பாடு நன்றாகக் குறைந்தது. ஆகவே ஒரு தடவை கேளுங்கள், நம்புங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அதன் பிறகு வேறு விஷயம் பேசுங்கள்.

பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம்

வலி முற்றாக நின்ற பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டால் அந்த நாள் வராது. மெல்ல மெல்ல பள்ளிக்கூடம் போகப் போகத்தான் வலியும் குறையும். பல நாள் போகாத பிள்ளையை ஒரேயடியாகத் தள்ளாமல் படிப்படியாகப் பழக்குங்கள்.

முதலில் தாயோ தகப்பனோ வகுப்பாசிரியரைச் சந்தித்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். கடும் வலி வந்தால் கொஞ்ச நேரம் வெளியே உட்கார, கேட்டவுடன் கக்கூசுக்குப் போக அனுமதி கேளுங்கள். முதல் சில நாள் இடைவேளை வரையாவது இருக்கட்டும். பிறகு முழு நாள். விட்டுப்போன பாடத்தைக் கூட்டாளிப் பிள்ளை ஒன்றின் கொப்பியைப் பார்த்து எழுத ஒழுங்கு செய்யுங்கள். ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அடிக்குப் பயந்துதான் பிள்ளை போக மறுக்கிறது என்றால் அதிபரிடம் மரியாதையாகப் பேசலாம். பாடசாலையில் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடை செய்திருக்கின்றன.

வலியால் வீட்டில் நிற்கிற நாளில் பிள்ளை படுத்திருக்கட்டும், புத்தகம் பார்க்கட்டும். டிவியும் போனும் விளையாட்டும் அன்றைக்கு வேண்டாம். தம்பி தங்கச்சியைப் பார்க்கவும், சமைக்கவும், கொழுந்து எடுக்கப் போகவும் அந்த நாளைப் பாவிக்க வேண்டாம். "நின்னா உதவியாத்தானே இருக்கு" என்று தொடங்குகிற நாள்தான் பல பிள்ளைகளின் படிப்பு முடிகிற நாளாகிறது.

"ஒன்பது ஏ எடுக்கணும், இல்லாட்டி மானம் போயிரும்" என்ற பேச்சையும் குறைத்துக்கொள்வோம். நாம் மலையில் படும் கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்ற ஆசை நியாயமானது. ஆனால் குடும்பத்தின் கடன் முழுவதையும் ஒரு பரீட்சையில் ஏற்றிப் பிள்ளையின் தலையில் வைத்தால் அது எப்படித் தாங்கும்?

பெரியவர்கள் செய்ய வேண்டியது

ஒரே காம்பராவில் வாழும் குடும்பத்தில் இரவுச் சண்டைக்குக் கதவு கிடையாது. பிள்ளை போர்வைக்குள் கண்ணை மூடியிருந்தாலும் காது திறந்துதான் இருக்கும். குடித்துவிட்டு வரும் தகப்பன்மாருக்கு நாம் ஒன்று சொல்கிறோம். உங்கள் பிள்ளையின் மருந்துச் சீட்டில் வைத்தியர் எழுத முடியாத ஒரு மருந்து உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் சத்தம் இல்லாத இரவுகள்தான் அந்த மருந்து. தாய் வெளிநாட்டில் என்றால், ஒழுங்காக ஒரு நேரம் குறித்து அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். எந்த நேரம் வரும் என்று தெரிந்த அழைப்பு பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால், ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகச் சொன்னால் மட்டும் வயிற்று வலி வருகிறது என்றால் கவனமாக இருங்கள். யாரோ அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். பிள்ளை சொன்னால் நம்புங்கள், மூடி மறைக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இலவசமாக அழைக்கலாம்.

பிள்ளை யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், சாப்பாடு நித்திரை கெட்டால், "நா இருந்து என்னத்துக்கு" என்று ஒரு தடவை சொன்னாலும் அதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். தனியே விடாதீர்கள். மருந்து எண்ணெய், மாத்திரை எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகல் எந்த நேரமும் இயங்குகிறது. மனநல கிளினிக்குக்குப் போனால் "பைத்தியம்" என்று பெயர் வரும் என்று பயப்பட வேண்டாம். கால் சுளுக்கினால் காட்டுவது போலத்தான் இதுவும். சில ஆஸ்பத்திரிகளில் இளம் வயதினருக்கென்றே "யொவுன் பியச" என்ற சேவை நிலையமும் இருக்கிறது. உங்கள் பகுதியில் எங்கே என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

வலி உண்மை என்று நம்புங்கள். ஒரு தடவை ஒழுங்காகப் பரிசோதியுங்கள். ஆபத்தான அறிகுறி தெரிந்தால் தாமதிக்காதீர்கள். மனதை அழுத்துவது எது என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். வலி இருந்தாலும் படிப்படியாகப் பள்ளிக்கூடத்தைத் தொடர விடுங்கள். சில வாரத்தில் முற்றாகச் சுகமாகும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. வலி வருவதும் போவதுமாக இருக்கும். ஆனால் மாதத்துக்கு எட்டு நாள் நின்ற பிள்ளை இரண்டு நாள் மட்டும் நின்றால் அதுவே நல்ல முன்னேற்றம். அதைப் பிள்ளையிடம் சொல்லிப் பாராட்டுங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்து பேச:

1. எமது லயத்தில் இந்தத் தவணை அடிக்கடி பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும் பிள்ளைகள் யார்? அவர்களிடம் யாராவது காரணம் கேட்டோமா?
2. பிள்ளைகள் போகும் பாடசாலையில் கக்கூசும் தண்ணியும் எப்படி இருக்கின்றன? யாரிடம் பேசலாம்?
3. தாய் தகப்பன் வேலைக்குப் போன பிறகு வலியோடு வீட்டில் நிற்கும் பிள்ளையை யார் பார்ப்பது? லயத்தில் ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் தோட்டத்தில் நல்ல வழி ஒன்று கண்டால் எமக்கும் சொல்லுங்கள். மற்றத் தோட்டத்தாருக்கும் அது உதவும்.